பிறந்த மண்ணும் புகுந்த மண்ணும்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரியநாயக்கன்பாளையம் என்னும் ஊர் அமைந்துள்ளது. மேற்கே குருடிமலை உயர்ந்து நிற்க, வடக்கே நீலகிரியின் முகடுகள் முகில் சூழ்ந்து தோன்றும். ஊரின் பெயரே ஒரு பழைய செய்தியை நமக்குச் சொல்கிறது. பாளையம் என்பது படை தங்கும் இடம். நாயக்கர் என்பது விசயநகரப் பேரரசின் காலத்தில் தலைவர்களுக்கு வழங்கிய பெயர். பாளையம் என்று முடியும் ஊர்கள் கொங்கு நாட்டில் மிகப் பல. அவற்றுள் நாயக்கன் என்னும் பெயர் தாங்கியவை, அக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இங்கு நிலைபெற்றவர்களை நினைவூட்டுகின்றன. இன்றும் இவ்வட்டாரத்து வீடுகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. தெலுங்கு பேசும் உழவர்களும், சிறுமுகை போன்ற ஊர்களில் கன்னடம் பேசும் நெசவாளர்களும் பல தலைமுறைகளாக இம்மண்ணில் வாழ்கின்றனர். அவர்களை வந்தவர் என்று இன்று ஒருவரும் கூறுவதில்லை. அவர்களும் கொங்கு நாட்டினரே.

இதனினும் பழைய சான்று நொய்யல் ஆற்றங்கரையில் கிடைத்துள்ளது. சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் 1985 ஆம் ஆண்டு முதல் அகழாய்வுகள் நடைபெற்றன. கல்மணி செய்ததற்கும் இரும்பு உருக்கியதற்கும் உரிய அடையாளங்களும், எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அங்கே வெளிப்பட்டன. அவ்வோடுகளில் தமிழ்ப் பெயர்களோடு வடநாட்டுப் பிராகிருதப் பெயர்களும் காணப்படுகின்றன. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் உரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. மேலைக் கடற்கரையையும் காவிரிச் சமவெளியையும் இணைத்த வணிக வழி, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொங்கு நாட்டின் வழியே சென்றதே இதற்குக் காரணம். ஆகவே, வருவோரும் போவோரும் தங்குவோரும் இந்நாட்டிற்குப் புதியவர் அல்லர்.

மரம் முளைத்த இடத்திலேயே நின்று வாழ்ந்து முடிகிறது. மனிதனுக்கோ கால்கள் உண்டு. ஆயினும் அவனுடைய உள்ளம் மரத்தைப் போன்றது. பிறந்த வீடு, நீர் எடுத்த கிணறு, குலதெய்வத்தின் கோவில், உற்றார் உறவினர் ஆகிய அனைத்திலும் அது வேரோடி நிற்கிறது. அந்த வேரை அறுத்துக்கொண்டு அவன் ஏன் அயல்நாட்டிற்குச் செல்கிறான்? சென்றவன் ஏன் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறான்? தங்கியவனுக்கு அந்நாடு எப்பொழுது சொந்த நாடாகிறது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதற்கு, இலங்கையின் மலைநாட்டிற்குச் சென்ற தமிழர்களின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று வேறில்லை.

உந்தும் கையும் அழைக்கும் கையும்

மக்கள் நாடு விட்டு நாடு செல்வதற்குரிய காரணங்களை ஆராய்ந்தவர்கள் அவற்றை இரு வகையாகப் பிரிப்பர். பின்னிருந்து உந்துவன ஒரு வகை; முன்னிருந்து ஈர்ப்பன மற்றொரு வகை. பஞ்சம், வறுமை, கடன், போர், கொடுங்கோன்மை, சாதிக் கொடுமை முதலியன உந்துவன. வேலை, கூலி, நிலம், கல்வி, அச்சமற்ற வாழ்வு முதலியன ஈர்ப்பன. இவ்விரண்டும் ஒருங்கே செயற்படும்போதுதான் பெருந்திரளான மக்கள் புறப்படுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் உள்நாட்டு மாவட்டங்கள் இருந்த நிலையைக் காண்போம். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துத் தன் மேற்குச் சரிவிலேயே பெய்வித்துவிடுகிறது. ஆகவே, மலைக்குக் கிழக்கேயுள்ள கோவை, சேலம் முதலிய பகுதிகள் மழை மறைவு நிலங்களாகும். இங்குள்ள உழவர்கள் பாறையைப் பிளந்து ஆழக் கிணறு வெட்டி, கவலை பூட்டி நீர் இறைத்துப் பயிர் செய்தனர். மழை ஓராண்டு பொய்த்தால் கிணறு வற்றும். ஈராண்டு பொய்த்தால் மாடு மடியும். மூன்றாம் ஆண்டும் பொய்த்தால் மனிதன் ஊரை விட்டுப் புறப்பட வேண்டியதுதான். கிணறு உடையவன் நிலையே இதுவென்றால், நிலமின்றிப் பிறர் நிலத்தில் உழைத்த ஏழையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் மக்களை இலட்சக்கணக்கில் மாய்த்தது. சேலமும் கோவையும் அப்பஞ்சத்தின் கொடுமையை நன்கு அறிந்த மாவட்டங்கள்.

இவ்வாறு பஞ்சம் பின்னிருந்து தள்ளிய காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு கை அழைத்தது. ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் இயங்கிய கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். ஒப்பந்தக் கூலிகள் என்னும் பெயரால் இந்தியர்கள் மொரீசியசுத் தீவிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1860 ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைச் சென்றடைந்தது. பின்னர்ப் பிசித் தீவிற்கும் மக்கள் சென்றனர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களும் பல்லாயிரம் தமிழர்களை அழைத்துக்கொண்டன.

இலங்கைக்குச் சென்றோர் வரலாறு சற்று வேறானது. கண்டி மலைநாட்டில் 1820 ஆம் ஆண்டுகளிலிருந்து ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களை அமைக்கலாயினர். மலைச்சாரலில் வாழ்ந்த சிங்களக் குடியானவர் தம் வயலையும் தோட்டத்தையும் விட்டுவிட்டுக் குறைந்த கூலிக்கு அயலாரிடம் வேலை செய்ய விரும்பவில்லை. பாக்குநீரிணைக்கு அக்கரையிலோ வறுமையால் வாடிய தமிழர் இருந்தனர். ஆகவே, தோட்டக்காரரின் நோக்கு தமிழ்நாட்டின் பக்கம் திரும்பியது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்றனர்.

ஆயினும், பசித்தவன் எல்லாம் புறப்பட்டுவிடுவதில்லை. தொலைவில் வேலை இருக்கிறது என்பதை அவனுக்கு யார் சொல்வது? வழிச்செலவுக்குப் பணம் ஏது? போகும் இடத்தில் அவனை அறிந்தவர் யார்? உந்தும் கைக்கும் அழைக்கும் கைக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். இலங்கையைப் பொறுத்தவரை அப்பாலமாக விளங்கியவன் கங்காணி. அவன் முன்பே தோட்டத்தில் வேலை செய்தவன். தன் ஊருக்குத் திரும்பி வந்து, தன் உறவினரையும் ஊராரையும் அழைத்துச் சென்றவன். முன்பணம் கொடுத்துக் கடனை அடைத்து வழிச்செலவையும் தாங்கினான். அவன் சொந்த ஊரான் என்பதனால் மக்கள் அவனை நம்பினர். ஆனால் அவன் கொடுத்த முன்பணம் முழுவதும் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டது. அக்கடனைக் குறிக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு தீராமல் ஒருவன் தோட்டத்தை விட்டு வேறிடம் செல்ல இயலாது. வறுமையினின்று தப்பிச் சென்றவன் கடனில் அகப்பட்டான். இத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

வழிப்போக்கர் குடிமக்களான வரலாறு

தொடக்கக் காலத்தில் இலங்கைப் பயணம் எத்துணைக் கடுமையானதாக இருந்தது என்பதை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஊரிலிருந்து கடற்கரை வரையில் நடை. அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரைக்குப் பயணம். பின்னர் வறண்ட காடுகளின் ஊடே மாத்தளையை நோக்கி இருநூறு கிலோமீட்டருக்கும் மேலாக நடை. குடிநீர் இல்லை, தங்கும் இடம் இல்லை. காலராவும் காட்டுக் காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. நடக்க மாட்டாமல் விழுந்தோர் விழுந்த இடத்திலேயே உயிர் துறந்தனர். 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்துத் தொடங்கி, இரு நாட்டு இருப்புப் பாதைகளும் இணைக்கப்பட்ட பின்னரே இவ்வழி ஓரளவு எளிதாயிற்று.

இவ்வளவு துன்பப்பட்டுச் சென்றவர்களும் முதலில் அங்கே நிலையாகத் தங்கவில்லை. இதற்குக் காரணம் காப்பிப் பயிரின் இயல்பு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆட்கள் மிகுதியாகத் தேவை. பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் கூலியைப் பெற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினர். பெரும்பாலும் ஆடவரே சென்று வந்தனர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர்.

1869 ஆம் ஆண்டில் காப்பிச் செடியின் இலையில் துருநோய் ஒன்று தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அந்நோயால் அழிந்தன. ஆனால் அதற்கு ஈராண்டு முன்னரே, 1867 இல், சேம்சு தெயிலர் என்னும் தோட்டக்காரர் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துர என்னும் இடத்தில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். காப்பி இழந்த மலைகளில் எல்லாம் தேயிலை பரவியது.

காப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு பல்லாயிரம் குடும்பங்களின் தலைவிதியையே மாற்றியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். சில நாள்களுக்கு ஒருமுறை அதனைக் கிள்ளியாக வேண்டும். ஆகவே, ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்களின் விரல்களே ஏற்றவை என்று தோட்டக்காரர் கருதினர். எனவே, பெண்களும் பிள்ளைகளும் உட்பட முழுக் குடும்பங்கள் சென்றன. வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகளான லயங்களில் அவர்கள் குடியமர்ந்தனர். விடியலில் தப்பொலி கேட்டு எழுந்து, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, முதுகில் கூடை தாங்கி மலையேறினர். அங்கேயே பிள்ளைகள் பிறந்தனர். அங்கேயே முதியோர் இறந்தனர். மாரியம்மன் கோவில்கள் எழுந்தன. காமன் கூத்து ஆடப்பட்டது. ஒரு செடியின் நோய், வழிப்போக்கராக இருந்தவர்களைக் குடிமக்களாக மாற்றியது.

அவர்களுடைய உழைப்பினால் இலங்கையின் தேயிலை உலகெங்கும் புகழ் பெற்றது. அந்நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு அத்தேயிலையால் வந்தது.

நாடற்றவர்

இவ்வாறு நூறாண்டு உழைத்த மக்களை அந்நாடு தன் மக்களாக ஏற்றுக்கொண்டதா? 1931 ஆம் ஆண்டில் இலங்கையில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்னும் முறை வந்தபோது, தோட்டத் தமிழருக்குச் சில கட்டுப்பாடுகளுடன் அவ்வுரிமை கிடைத்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பாட்டனின் தந்தையும் அங்கே பிறந்தவர்கள் என்பதையோ சான்றுடன் காட்டுவோரே பிறப்பினால் குடிமக்களாவர் என்பது அச்சட்டத்தின் சாரம். எழுதப் படிக்க அறியாமல் லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? அச்சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் குடியுரிமை இழந்தனர். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இலங்கை அவர்களை இந்தியர் என்றது. இந்தியாவோ அவர்களை இலங்கையில் வாழ்வோர் என்றது. அவர்கள் நாடற்றவர் ஆயினர்.

இதற்குச் சிங்கள மக்கள் அனைவரையும் பழிப்பது முறையாகாது. 1840 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய சட்டம் ஒன்றினால், உரிமைப் பத்திரம் இல்லாத காடும் புன்செய்யும் அரசுக்கு உரியவை ஆயின. அந்நிலங்களே பின்னர்த் தோட்டங்களாக விற்கப்பட்டன. கண்டியின் குடியானவன் தன் மேய்ச்சல் நிலத்தை இழந்தான். தான் இழந்த மண்ணில் வேறொருவன் உழைப்பதைக் கண்டபோது அவனுக்கு மனக்குறை உண்டாயிற்று. நிலத்தை எடுத்தவன் வேறு, அந்நிலத்தில் கூலியாக வந்து நின்றவன் வேறு என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை. அம்மனக்குறையை அரசியல் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஏழையும் ஏழையும் ஒருவரை ஒருவர் பகைவராக எண்ணும்படி செய்வது எளிது. அதனால் விளையும் துன்பத்தைத் துடைப்பதோ அரிது.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் இந்தியத் தலைமையமைச்சர் லால் பகதூர் சாசுதிரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். நாடற்றவர் தொகை ஏறத்தாழ 9,75,000 என்று கணிக்கப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் வகுக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அம்மையாரும் சிறீமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவ்வெஞ்சியோரை இரு நாடுகளும் 75,000 வீதம் பகிர்ந்துகொண்டன.

நிலத்தைப் பங்கிடுவதுபோல மக்களைப் பங்கிட்டனர். அம்மக்களைக் கலந்து இம்முடிவு செய்யப்படவில்லை. பின்னர் விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது, இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்று கேட்டோர் தொகை ஒதுக்கப்பட்ட மூன்று இலட்சத்தினும் மிகுதியாக இருந்தது. இதன் பொருள் யாது? தாத்தாவுக்குத் தமிழகம் பிறந்த மண். பேரனுக்கோ மலைநாடே பிறந்த மண். இரத்த உறவு ஒரு நாட்டைச் சுட்டியது. வாழ்ந்த வாழ்வு மற்றொரு நாட்டைச் சுட்டியது.

தாயகம் திரும்பியோர்

ஆண்டுகள் பல கடந்து, நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். சில குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணனுக்கு ஒரு நாட்டுக் குடியுரிமை, தம்பிக்கு மற்றொரு நாட்டுக் குடியுரிமை என்னும் நிலை ஏற்பட்டது. தலைமன்னார் செல்லும் தொடர்வண்டியைப் பிடிக்க வந்தோரும் வழியனுப்ப வந்தோரும் தழுவி அழுத காட்சிகளை மலைநாட்டு மக்கள் இன்றும் மறந்திலர்.

வந்தவர்கள் முதலில் மண்டபம் முகாமில் தங்கினர். அரசு அவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயரிட்டது. தொழிலுக்குக் கடனும், வீட்டிற்கு உதவியும், ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலையும் அளிக்கத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. ஆனால் கொழுந்து கிள்ளுவதையன்றி வேறு தொழில் அறியாத பலருக்குச் சிறுகடைக் கடனால் பயன் விளையவில்லை. சமவெளியின் வெயில் அவர்களுக்கு ஒவ்வவில்லை. ஆகவே, தாங்கள் அறிந்த பயிர் விளையும் மலையைத் தேடிப் பலர் நீலகிரிக்குச் சென்றனர். கோவை, பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் என்னும் இவ்வழியே மலையேறிய குடும்பங்கள் பல. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் அவர்கள் குடியமர்ந்தனர். இவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு 1968 ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. மக்கள் இதனை டான்டீ என்று வழங்குவர். காடாக இருந்த சரிவுகளைத் திருத்தித் தேயிலைத் தோட்டமாக்கியதில் அம்மக்களின் பங்கு பெரிது.

தாயகம் என்னும் சொல் இனியது. ஆனால் திரும்பியவர்களுக்கு அச்சொல் உடனே பொருள் தரவில்லை. இலங்கையில் அவர்களைக் கள்ளத்தோணி என்று சிலர் இகழ்ந்தனர். இங்கு வந்தபின் அண்டை அயலார் சிலோன்காரர் என்றனர். பாட்டனின் ஊரைத் தேடிச் சென்றவர்கள், அங்கே தங்கள் பெயரை அறிந்தவர் எவரும் இல்லாததைக் கண்டனர். அங்கேயும் அயலார், இங்கேயும் அயலார் என்றால் அவர்களுக்குரிய இடந்தான் எது?

இலங்கையில் எஞ்சி நின்றோரின் குறை, 2003 ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டத்தினால் தீர்ந்தது. 1964 ஆம் ஆண்டு முதல் அங்கு வாழ்ந்துவந்த இந்திய வழியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. விடுதலை பெற்ற இலங்கையில் நாடற்றவர் என்னும் சொல் மறைய ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

வேலை தேடிச் செல்வோர் ஒரு சாரார் என்றால், உயிர் தப்பி வருவோர் மற்றொரு சாரார். இவர்களை ஏதிலியர் என்பர். 1942 ஆம் ஆண்டில் சப்பானியப் படை பர்மாவிற்குள் புகுந்தபோது, அங்கு வாழ்ந்த இந்தியர் பல்லாயிரவர் மலையும் காடும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். 1983 சூலைத் திங்களில் இலங்கையில் தமிழர்க்கு எதிராக நிகழ்ந்த வன்முறையை அடுத்துப் பல்லாயிரம் மக்கள் கடல் கடந்து தமிழகம் சேர்ந்தனர். கொங்கு நாட்டில் பவானிசாகரிலும் பூலுவப்பட்டியிலும் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. அகதிகள் முகாம் என்று வழங்கிய அவ்விடங்கள் 2021 ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கப்படுகின்றன. பெயர் மாற்றம் சிறிது எனினும், அது மதிப்பின் அடையாளமாகும்.

நம் வாயிலில் வந்து நிற்போர்

மக்களை அனுப்பிய கொங்கு நாடு, மக்களை வரவேற்கும் நாடாக மாறியது எவ்வாறு? 1888 ஆம் ஆண்டில் கோவையில் முதல் நூற்பாலை தொடங்கப்பட்டது. கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி அதற்கு உணவாயிற்று. 1932 ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கிடைத்தது. ஆலைகள் பெருகின; கிணறுகளில் மின் இறைப்பிகள் ஓடின. 1962 ஆம் ஆண்டில் நூற்பு எந்திரங்களைச் செய்யும் இலட்சுமி எந்திரத் தொழிற்சாலை பெரியநாயக்கன்பாளையத்தில் தோன்றியது. கல்வித் துறையிலும் இவ்வூர் புகழ் பெற்றது. 1930 ஆம் ஆண்டில் தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், இவ்வூரில் பல கல்விக்கூடங்களாகக் கிளைத்துப் பல ஊர் மாணவர்க்கு இருப்பிடமாயிற்று. மழை மாறவில்லை, மண் மாறவில்லை. மின்சாரமும் தொழிலும் கல்வியும் வந்தமையால், உந்தும் நிலம் ஈர்க்கும் நிலமாயிற்று.

முதலில் அண்டைச் சிற்றூர்களிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் வந்தனர். இப்பொழுது ஒடிசா, பீகார், சார்க்கண்டு, மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகின்றனர். நூற்பாலையிலும், வார்ப்படச் சாலையிலும், கட்டட வேலையிலும், திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும் அவர்களைக் காணலாம். அவர்கள் வரும் காரணத்தை ஆராய்ந்தால் பழைய கதையே புதிய உடையில் நிற்பதைக் காண்போம். ஊரில் நிலம் சிறிது, கூலி குறைவு. இங்கே வேலை உண்டு. முன்னே வந்த ஊரான் ஒருவன் தொலைபேசியில் அழைக்கிறான். லயத்திற்கு மாறாக ஆலை விடுதி. கங்காணிக்கு மாறாக ஆள் திரட்டும் தரகன். வேறுபாடு ஒன்று உண்டு. இவர்கள் கடல் கடந்து வரவில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் சென்று வாழவும் தொழில் செய்யவும் நம் அரசியலமைப்பு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை அளித்துள்ளது.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அண்மைக் காலத்தில் இரு நிகழ்ச்சிகள் சான்றாயின. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஆலைகள் மூடின, கூலி நின்றது. வேற்றூரில் தங்கியிருந்த தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். மே மாதத்தில் சிறப்புத் தொடர்வண்டிகள் விடப்பட்டபோது கோவையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டனர். ஆலைகள் மீண்டும் திறந்தபோது, அவர்கள் இன்றிப் பல எந்திரங்கள் ஓடவில்லை. கண்ணில் படாமல் உழைத்தவர்களின் அருமை அவர்கள் இல்லாதபோது விளங்கியது. மற்றொரு நிகழ்ச்சி 2023 மார்ச்சுத் திங்களில் நடந்தது. தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காட்சிகள் கைப்பேசிகளில் பரவின. உண்மை அறியாத தொழிலாளர் பலர் அஞ்சினர். அவை பொய் என்று தமிழக அரசும் காவல்துறையும் எடுத்துரைத்த பின்னரே அமைதி திரும்பியது. ஒரு பொய்ச் செய்தி அவ்வளவு அச்சத்தை விளைவித்தது ஏன்? வந்த இடத்தில் தமக்கு நண்பராக ஒருவரேனும் இருந்தால், அவரைக் கேட்டு உண்மை அறிந்திருக்கலாம். பலருக்கு அவ்வாறு ஒருவரும் இல்லை.

வருவோரால் தொல்லையே இல்லை என்று கூறுவது உண்மையாகாது. வீட்டு வாடகை உயரும். கூலி குறையுமோ என்னும் ஐயம் உள்ளூர்த் தொழிலாளிக்கு எழும். மொழி அறியாமையால் பிணக்கு நேரும். இவற்றை மறைப்பதால் பயன் இல்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்னும் நீதியைக் காத்தால், இருவரும் ஏமாற்றப்படுவதைத் தடுக்கலாம். வந்தவர் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கொடுத்துத் தமிழ் கற்பித்தால் பிணக்குக் குறையும். கண்டி மலையில் ஏழையையும் ஏழையையும் பிரித்த பிழை இங்கும் நிகழாமல் காப்பது நம் கடமை.

முதலில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் இப்பொழுது விடை கூறலாம். பிறந்த மண் வாழவிடாதபோதும், வேறு மண் வாழ அழைக்கும்போதும், வழிகாட்ட ஒருவன் வாய்க்கும்போதும் மனிதன் புறப்படுகிறான். வேலை ஆண்டு முழுவதும் நிலைத்து, குடும்பம் உடன் வந்து, பிள்ளைகள் அங்கே பிறக்கும்போது அவன் தங்குகிறான். ஆனால் அந்நாடு அவனுக்குச் சொந்த நாடாவது அவன் கையில் மட்டும் இல்லை. புறப்படுதல் அவன் செயல். உழைத்தல் அவன் செயல். ஏற்றுக்கொள்ளுதலோ முன்னரே அங்கு இருப்பவரின் செயல். நூறாண்டு உழைத்தும் மலைநாட்டுத் தமிழர் அயலாராக நின்றது உழைப்பில் குறை இருந்ததனால் அன்று. ஏற்பவர் உள்ளத்தில் இடம் இல்லாததனால் ஆகும்.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் அடுத்த ஆண்டு ஒரு புதிய மாணவன் சேரலாம். அவனுடைய தந்தை தொலைவிலுள்ள ஒடிசாவிலிருந்து வந்து அருகிலுள்ள ஆலையில் வேலை செய்பவராக இருக்கலாம். அம்மாணவனுக்குத் தமிழ் இரண்டு மூன்று சொற்களே தெரிந்திருக்கும். அவனுடைய பெயரைப் பிழையின்றிக் கேட்டுத் தெரிந்து அழையுங்கள். உங்கள் பலகையில் அவனுக்கு இடம் விடுங்கள். இவ்வூரின் பெயருக்கு உரியவரும் ஒரு நாள் இவ்வாறு வந்தவரே.